கண்மாய்த் தண்ணீர் இறங்கும்போது: செட்டிநாட்டில் வாத்தும் உள்ளானும்

ஜனவரி 23, வெள்ளி. காரைக்குடி, பள்ளத்தூர்

தை பிறந்து பத்து நாள் ஆகவில்லை. காலை ஏழு மணிவரை பனி இறங்குகிறது, பதினொரு மணிக்கு மண்டை காய்கிறது. செட்டிநாட்டில் வலசை வாத்தும், உள்ளான் போன்ற கரையோரப் பறவையும் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. அதற்குக் காரணம் குளிர் அல்ல, கண்மாயின், அதாவது பாசன ஏரியின், தண்ணீர் மட்டம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்மாய் நிறைந்து, மிகைநீர் வழியும் கலுங்கு பாயும். அப்போது வந்தால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். வாத்துகள் சிதறிக் கிடக்கும், உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமே இருக்காது. தையில் பயிருக்குப் பாய்ந்தது போக, வெயில் குடித்தது போக, மட்டம் இறங்கி உள்வாய்ப் பக்கம் சேறு தெரியத் தொடங்கும். அந்த ஈர விளிம்பில்தான் புழுவும் பூச்சியும் நத்தைக் குஞ்சும் கிடைக்கும். மாசி, பங்குனி ஆகிவிட்டால் ஒவ்வொரு ஊராக மீன்பிடித் திருவிழா. ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரே கண்மாய்க்குள் இறங்கிவிடும், பறவை வேறு தண்ணீர் தேடிப் போய்விடும். இடையில் கிடைக்கும் இந்தச் சில வாரங்கள்தான் நமக்கு.

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கண்மாயின் அமைப்பு. இந்தச் சீமையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிகிறது. ஆகவே பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கே, வரத்துக்கால் வந்து சேரும் உள்வாய் மேற்கே. ஆழம் கரையடியில், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால். உள்வாய் போகப்போகத் தண்ணீர் மெலிந்து சேறாகி, புல்லாகி, கடைசியில் கருவேலங்காடாக முடியும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால், ஆழத் தண்ணீரில் மிதக்கும் வாத்துகளின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் அதே கரையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல். மாலைக்கு உள்வாய்ப் பக்கம் போய்விட வேண்டும், உள்ளான்கள் இருப்பதும் அங்கேதான். காலையில் கரை, மாலையில் உள்வாய் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மதியம் காரைக்குடி மெஸ் ஒன்றில் சாப்பாடு. வெண்டைக்காய் மண்டி, கீரைக் கூட்டு, மிளகு தூக்கலான ரசம். ஆளுக்கு 130 ரூபாய். பரிமாறியவர் மண்டியை மூன்றாம் முறையும் கேட்காமலே ஊற்றினார்.

மூன்றரை மணிக்குப் பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் ஒரு நடுத்தரக் கண்மாயின் உள்வாய்க்குப் போனோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் முக்காலியையும் தொலைநோக்கியையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன அளக்குறீக?”

“உள்ளான் பாக்க வந்தோம்யா.”

“பாருங்க, பாருங்க. வடக்க மட்டும் எறங்கிராதீக. மண்ணு அள்ளுன குழி கெடக்கு, ஆள முழுங்கிரும்.”

இந்த எச்சரிக்கையைச் செட்டிநாட்டின் எல்லாக் கண்மாய்க்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். வயலுக்கும் செங்கலுக்கும் வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. ஓரம் செங்குத்தாக வெட்டியிருப்பதால் மனிதருக்கு ஆபத்து, பறவைக்கும் உதவாது. பத்து மீட்டர் அகலத்துக்குச் சாய்வாக இருந்த சேற்று விளிம்பு, குழி வெட்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. வண்டல் எடுப்பது கண்மாய்க்கு நல்லதுதான். ஓரத்தைச் சாய்வாக விட்டு எடுத்தால் விவசாயிக்கும் நஷ்டமில்லை, உள்ளானுக்கும் இடம் மிஞ்சும்.

உள்ளானை நிறத்தை வைத்துப் பிரிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும், குளிர்காலத்தில் எல்லாமே சாம்பலும் பழுப்பும். எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஈரச் சேற்றின் மேலேயே ஓடுவது பட்டாணி உப்புக்கொத்தி. விரல் நனையும் தண்ணீரில் ஓயாமல் கொத்துவது கொசு உள்ளான். அதற்கடுத்த ஆழத்தில் பொரி உள்ளான், அதற்கும் அப்பால் பச்சைக்காலி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான். விதிவிலக்கு உண்டு, ஆனால் முதல் பார்வைக்கு இந்த வரிசை கைகொடுக்கும்.

இங்கே அதிகம் இருந்தது பொரி உள்ளான். முதுகில் வெள்ளைப் பொரி தெளித்திருக்கும், கண்ணுக்கு மேலே நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் கலந்த கால். கிளப்பிவிட்டால் ‘சிப்-சிப்-சிப்’ என்று கூவிக்கொண்டு, வெள்ளைப் பிட்டம் தெரியப் பறக்கும். சாதா உள்ளான் தனியாக நிற்கும், பின்பக்கம் ஓயாமல் ஆடும், தோளருகே வெள்ளை மேலேறி ஒரு பிளவுபோலத் தெரியும். பறந்தால் தண்ணீரை ஒட்டி, இறக்கையை விறைப்பாக வைத்து, விட்டுவிட்டு அடிக்கும். இந்த இரண்டையும் மனத்தில் உறுதியாகப் பதிய வைத்துக்கொண்டால் மற்றவை சீக்கிரம் வந்துவிடும்.

பதினைந்து மீட்டர் தூரத்தில் ஒரு பட்டாணி உப்புக்கொத்தி வெகுநேரம் வேலை பார்த்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் ஒரு பட்டை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும். ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டி ஈரச் சேற்றின் மேல் படபடவென்று நடுக்கும். அந்த அதிர்வில் அடியில் இருக்கும் பூச்சி அசையும். அசைந்த கணத்தில் ஒரு கொத்து. கண்ணால் பார்த்து இரை எடுக்கும் பறவை இது, ஆகவே சேறு வழுவழுவென்று புல் இல்லாமல் இருக்க வேண்டும். நீளமான அலகால் துழாவும் கோரை உள்ளானுக்கு நேர்மாறாகப் புல் மறைவு வேண்டும். ஒரே கண்மாயில் இரண்டும் இருந்தாலும் ஒரே இடத்தில் தேடக் கூடாது.

இருட்டுவதற்கு முன் ஓர் ஊருணியில் பத்து நிமிஷம். செம்புறாங்கல் படி, நடுவில் தாமரை. நாலு ஜோடி குள்ளத்தாரா. நம் ஊர் வாத்துகளிலேயே மிகச் சிறியது இதுதான், மரப்பொந்தில் முட்டை வைக்கும். ஊருணியோரம் நிற்கும் பழைய மருதத்தையும் வேம்பையும் வெட்டினால் தாமரை இருந்தும் தாரா தங்காது.

ஜனவரி 24, சனி. வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி

விடியற்காலை ஐந்தேகால். குன்றக்குடியிலிருந்தே சாலையோரம் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம். இருட்டில் காவடியோடும் தலைச்சுமையோடும் நடக்கிறார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியவர்கள் சிலர்தான். வண்டியில் வருபவர்கள் இந்த மாதம் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். ஓர் அன்னதானப் பந்தலில் எங்களையும் கைகாட்டி நிறுத்தினார்கள். யாத்திரை போகவில்லை என்று சொல்லியும் விடவில்லை. “பசிக்கு யாத்திரை உண்டா? சாப்பிட்டுப் போங்க.” சுடச்சுட வெண்பொங்கல், கொத்சு.

திருப்பத்தூர் தாண்டி மதுரை சாலையில் போய் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தேடத் தேவையில்லை, வனத்துறைப் பலகை இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து 38.4 ஹெக்டேர். பரப்பில் சிறியது. ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரை, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கின்றன. காற்று மாறினால் எச்ச வாடை மூக்கைத் துளைக்கும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறைவு என்று ஊரில் சொல்கிறார்கள்.

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் இந்த ஊர்களில் வெடி கிடையாது. தலைமுறையாக இப்படித்தான். வனத்துறை தீபாவளியன்று இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். வெடி என்ன செய்யும் என்பதை விளக்கிச் சொன்னால் இந்தக் கட்டுப்பாட்டின் மதிப்பு புரியும். மழைக்காலத் தொடக்கத்தில்தான் கூடு கட்டி முட்டை வைக்கின்றன. ஒரு சரம் வெடித்தால் மரத்திலிருக்கும் அத்தனை தாய்ப்பறவையும் ஒரே நேரத்தில் எழும். அவை சுற்றி வந்து உட்காரும் அந்த இரண்டு நிமிஷத்தில் காகம் முட்டையை எடுத்துவிடும், இறகு முளைக்காத குஞ்சு கூட்டு விளிம்பிலிருந்து தவறிவிடும். ஒரு முறை நடந்தால் தாங்கும், ஒரு ராத்திரி முழுக்க நடந்தால் கூட்டம் அடுத்த வருஷம் வேறிடம் தேடும். சட்டம் போட்டுக் காவல் வைத்துச் செய்ய முடியாததை இந்த ஊர்ச் சனங்கள் தாமாகச் செய்கிறார்கள். இதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நத்தை குத்தி நாரையை ‘வெளிநாட்டுப் பறவை’ என்று பத்திரிகைகளும் பலகைகளும் எழுதுகின்றன. இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை இந்த நாட்டுப் பறவைதான், மழையைத் தேடி நாட்டுக்குள்ளேயே இடம் மாறும். உண்மையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை ஓரத்தில் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்துகளும், கையளவே இருக்கும் கொசு உள்ளானும். கொசு உள்ளானின் கூடு ஆர்க்டிக் ஓரத்துத் துந்திரத்தில், பொரி உள்ளானுடையது வடக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை நீளும் சதுப்புக் காடுகளில். குளிருக்கு இங்கே வருமே தவிர, இங்கே கூடு கட்டாது. புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா மூன்றும் வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவை. வாத்து என்றாலே சைபீரியா என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றில் சிறிய கண்மாயில் நீலச்சிறகிகள் நாற்பது மீட்டருக்குள் கிடைத்தன. கரைமேல் நிமிர்ந்து நடந்தால் வானத்துக்கு எதிரே ஆள் உருவம் தெரியும், நூறு மீட்டரிலேயே எழுந்துவிடும். வெளிச்சரிவில், கரைக்குக் கீழேயே நடந்து, மரம் இருக்கும் இடமாகப் பார்த்து ஏறி, அதன் நிழலிலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல் அகல விரித்துத் தாழ வைத்தால் காற்றுக்கும் ஆடாது. வாத்து தூக்கத்திலிருந்து கழுத்தை நிமிர்த்தினால் அசையக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக நடுத்தண்ணீருக்கு நீந்தத் தொடங்கினால் இன்னும் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, பின்வாங்குவதுதான் நல்லது.

ஆண் நீலச்சிறகி இலையுதிர்காலம் முழுக்கப் பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். தையில்தான் புது இறகு போடத் தொடங்கும். எங்களுக்குக் கிடைத்த ஒன்று பாதி வழியில் இருந்தது. தலை செம்பழுப்பு, கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை வளைந்து இறங்கும் வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் முழுசாக, மறுபக்கம் திட்டுத் திட்டாக. விலாவில் சாம்பல் கோடுகள் அப்போதுதான் எழும்பியிருந்தன. பெட்டையைக் கண்டுபிடிக்க முகத்தைப் பாருங்கள். புருவக் கோடு, கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிர் திட்டு. இதேபோன்ற சிறு வாத்தான கிளுவைக்கு இவ்வளவு கோடு இருக்காது.

எட்டரைக்கு ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. எல்லா வாத்தும் எழுந்தன. நாம் கலைக்காமலே இறக்கை பார்க்கக் கிடைக்கும் நேரம் இது. நீலச்சிறகி ஆணுக்கு இறக்கையின் முன்பாதி வெளிர் நீலச் சாம்பல். ஆண்டி வாத்துக்கும் நீலம் உண்டு, ஆனால் கரண்டி போன்ற அலகு பறக்கும்போதே முன்னால் துருத்தும், ஆணின் வயிறு செங்காவி. ஊசிவால் வாத்துக்கு நீண்ட கழுத்து, நீண்ட வால், மெலிந்த உடல்.

ஒன்பதரைக்கு மேல் தொலைநோக்கியில் எல்லாம் நடுங்கத் தொடங்கியது. கானல் எழுந்தபின் அறுபது மடங்கு பெரிதாக்கினாலும் பயனில்லை, இருபதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்க்கலாம்.

திரும்பும்போது பின் டயரில் சீமைக்கருவேல முள். கரையை வெட்டிச் சீர்செய்த கிளைகளை வண்டிப் பாதையிலேயே போட்டிருந்தார்கள். பஞ்சர் 150 ரூபாய், காத்திருந்தது ஒரு மணி நேரம். கண்மாய்ப் பாதையில் கார் வேண்டாம், சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம், செருப்பை இந்த முள் துளைத்துவிடும்.

மாலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி, ஐந்து 60 ரூபாய்.

ஜனவரி 25, ஞாயிறு. தேவகோட்டை, ஆர்.எஸ்.மங்கலம், தொண்டி

வெள்ளாற்றுக்குத் தெற்கு, வைகைக்கு வடக்கு, பிரான்மலைக்குக் கிழக்கு, வங்கக்கடலுக்கு மேற்கு என்பது செட்டிநாட்டுக்குப் பெரியவர்கள் சொல்லும் எல்லை. உள்ளான் பார்ப்பவருக்கு அந்தக் கிழக்கு எல்லை அவசியம் வேண்டும். கண்மாயில் கிடைக்காத உப்புத் தண்ணீர்ப் பறவைகள் அங்கேதான்.

போகிற வழியில் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இதைச் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையால் தாண்ட முடியாத நீளமாம். கரைமேல் நின்றால் மறுமுனை தெரியவில்லை. இவ்வளவு பெரிய தண்ணீரை ஒரே இடத்திலிருந்து பார்த்து எண்ண முயல வேண்டாம். மடைக்கு மடை நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் பாருங்கள். நடுத்தண்ணீரில் நாமக்கோழிக் கூட்டம் கறுப்பாகத் திரண்டிருக்கும், அதன் விளிம்பை ஒட்டி வாத்து இருக்கும். கூழைக்கடா முப்பதுக்கு மேல், மீசை ஆலாக்கள் கரையோரமாக. இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022இலும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025இலும் ராம்சார் என்னும் உலக முக்கிய ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டன. பட்டியலில் இல்லாத கண்மாய்கள்தான் எண்ணிக்கையில் பல மடங்கு. ஒரு கண்மாய் வற்றினால் வாத்து பக்கத்துக் கண்மாய்க்குப் போகிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் அதற்கு வீடு.

தொண்டிப் பக்கம் கடற்கரையில் பத்து மணிக்கே வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. பாக் நீரிணையில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, அரை மீட்டர் சுமாருக்குத்தான். அதனால் ஓத அட்டவணையை மட்டும் நம்பி வர முடியாது. கரையை நோக்கிக் காற்று அடித்தால் இறக்க நேரத்திலும் சேற்றுத்திட்டு மூழ்கியே கிடக்கும். அன்று அதுதான் நடந்தது. எட்டு மணிக்குத் தெரிந்த திட்டு பத்தரைக்கு இல்லை. காற்று எழுவதற்குள், சூரியன் கிளம்பியதும் வந்துவிட வேண்டும். இங்கே காலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். கழிமுகத்தின் கிழக்கு ஓரம் போய் மேற்கே பார்க்கும்படி நிற்பது நல்லது.

திட்டு மூழ்கினால் பறவை எங்கே போகிறது என்று தேடினால் அது இன்னும் வசதி. கரையில் ஒதுங்கிய கடல்புல் குவியல்களில் மணல் உப்புக்கொத்திகள் ஈயும் புழுவும் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு வெண்மையான மார்பும் அறுந்த பட்டையும் கறுத்த காலும் உள்ள கெண்டிஷ் உப்புக்கொத்தி. கழிமுகத்துக்குள் பவளக்காலி பதினெட்டு, பச்சைக்காலி மூன்று. ஒரு குதிரைமலைக் கோட்டான், வளைந்த அலகை அடிவரை சேற்றில் செலுத்தி நண்டை இழுத்து, அதன் கால்களை உதறி உதிர்த்துவிட்டு விழுங்கியது. பவளக்காலி பறந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை, தூரத்திலும் தெரியும்.

கரையில் நாய்கள்தான் பெரிய தொல்லை. மீன் கழிவைத் தேடி வரும் நாய்கள் ஓய்வெடுக்கும் உள்ளான் கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கலைக்கின்றன. மாசி, பங்குனியில் கொழுப்புச் சேர்த்தால்தான் இவை வடக்கே திரும்ப முடியும். ஒவ்வொரு முறை எழும்போதும் தின்றதில் ஒரு பங்கு போய்விடுகிறது. நாமும் படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பக் கூடாது.

மதியம் ஓலைக் கொட்டகைக் கடையில் மீன் சாப்பாடு 150. சாளைக் குழம்பு, வறுத்த காரல். குழம்பு ஊற்றிய அக்கா, “காத்துல ரொம்ப காஞ்சுட்டீகளே” என்று ஒரு சொம்பு நீராகாரம் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வரும் வழியில் ஒரு சாலையோரக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, கண்மாய் உள்ளான் இருக்கிறது, வறுத்துத் தரவா என்றார். வேண்டாம் என்றதோடு, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று சொல்லிவிட்டு வந்தோம். பண்ணைக் காடை வேறு, அது கடையில் தாராளமாகக் கிடைக்கும். காட்டுப் பறவைக் கறியைச் சாப்பிடுபவர் இருக்கும்வரை வயலில் கண்ணி இருக்கும். கண்ணி கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஜனவரி 26, திங்கள். தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்

எட்டேகால் வரை பனிமூட்டம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஊர்ப் பள்ளியில் கொடியேற்றப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. பனி நாளில் காதுதான் கருவி. சீழ்க்கைச் சிறகி விசிலடிக்கும், புள்ளிமூக்கு வாத்து வீட்டு வாத்தைப் போலவே கத்தும், ஆண் நீலச்சிறகியிடமிருந்து சீப்பைக் கட்டைவிரலால் வருடினால் வரும் ஒரு கரகரப்பு. வெளிச்சம் வருவதற்கு முன்பே மூன்று வகை குறிப்பேட்டில் ஏறிவிட்டது. கொடியேற்றம் முடிந்து வந்த பிள்ளைகள் எங்கள் கையிலும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்துவிட்டு, வரிசையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தார்கள். முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழுந்ததைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பனி விலகியதும் எண்ணிக்கை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அதற்கு எண்ணும் முறையையே எல்லா நாளும் கடைப்பிடிக்கலாம். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அந்த அளவால் மீதிக் கூட்டத்தை அளக்க வேண்டும். ஐநூறுக்கு மேல் இருந்தால் பத்துக்குப் பதில் ஐம்பது. இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. எங்களுக்கு ஊசிவால் வாத்து 210, நீலச்சிறகி 340 சுமார், ஆண்டி வாத்து 26, நாமத்தலை வாத்து 4. நாமத்தலை ஆணுக்கு நெற்றியில் வெண்மஞ்சள் நாமம், கிளுவையைவிடப் பெரியது. நாமக்கோழிக் கூட்டத்துக்குள் ஒளிந்து மேயும், ஆகவே கறுப்புக் கூட்டத்தைச் சலிக்காமல் அலச வேண்டும்.

ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து மேயும்போது கழுத்தின் நீளத்தால் ஒரு முழ ஆழம்வரை அடிமண்ணைத் தொடும். நீலச்சிறகிக்கு ஒரு சாணுக்கு மேல் எட்டாது. தண்ணீர் ஒரு முழத்துக்கு மேல் ஆழமானால் இரண்டுக்கும் அது படுக்க மட்டும்தான் உதவும். பகலில் நடுத்தண்ணீரில் தூங்கும் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே இரையும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இரை வயலில்.

ஆறு மணிக்கு மடைக்கு அருகில், அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய வயல்களைப் பார்த்தபடி நின்றோம். எந்த வயல் அறுத்தது, எந்த வயலில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்பதை மடையிலிருந்து தண்ணீர் பாய்ச்சுகிறவரிடம் கேட்டால் விரல் நீட்டிச் சொல்லிவிடுவார். எந்த வரைபடத்திலும் இது கிடைக்காது. சூரியன் மறைந்து இருபது நிமிஷத்தில் முதல் நீலச்சிறகிக் கூட்டம் தலைக்கு மேலே போனது. பிறகு ஊசிவால், கடைசியில் சீழ்க்கைச் சிறகிகள். இருட்டில் நிறம் தெரியாது, ஒலியையும் இறக்கை அடிக்கும் வேகத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். டார்ச் அடித்தால் கூட்டம் வயலில் இறங்காமலே திரும்பிவிடும்.

பங்குனியில் வர முடிந்தவர்கள் அப்போதும் வாருங்கள். கண்மாய் பாதி வற்றியிருக்கும், வாத்தில் பெரும்பகுதி கிளம்பியிருக்கும், ஆனால் உள்ளான்கள் வடக்கே போகும் முன் இனப்பெருக்க நிறம் போட்டிருக்கும். கொசு உள்ளான் செம்பழுப்பாகியிருக்கும், மணல் உப்புக்கொத்திக்கு நெஞ்சில் செங்கல் நிறப் பட்டை வந்திருக்கும். அப்போது பெரிய கண்மாயை விட்டுவிட்டு, தொண்டிக் கழிமுகத்துக்கும், கடைசியாக வற்றும் சிறு கண்மாய்களுக்கும் போங்கள். மீன் குத்தகை எடுத்தவரிடம் எந்தக் கண்மாயை எந்த வாரம் இறைக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இறைத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தச் சேற்றில் இருக்கும் கூட்டம் அந்த மாதத்தில் வேறெங்கும் இருக்காது.